சும்மா கிடக்கும் நிலமா?

புதுவையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கம் போனால் கழுவெளி வரும். போன ஐப்பசியில் ஒரு நாள் முழுக்க அங்கே பறவை பார்த்தோம். கூட வந்த நண்பர் அந்தச் சேற்றுவெளியைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு இடம் சார், சும்மா கிடக்குது!" என்றார். அந்தச் 'சும்மா'வோடுதான் எனக்குச் சண்டை.

நான் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். பதிவேட்டில் விழும் ஒரு சொல் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். 'புறம்போக்கு' என்று எழுதிவிட்டால் அந்த இடத்துக்கு மரியாதை போய்விடும். 'தரிசு' என்றால், யாராவது வந்து உருப்படியாக்க வேண்டிய இடம் என்று அர்த்தமாகிவிடும். அங்கே ஏற்கெனவே யார் குடியிருக்கிறார்கள் என்று எழுத எந்தப் பதிவேட்டிலும் பத்தி கிடையாது.

குடியிருப்பவர்களைச் சொல்கிறேன். கொசு உள்ளான் என்று ஒரு பறவை. எடை சுமார் 25 கிராம்தான். சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்து சேற்றின் மேல்பரப்பில் கொத்தித் தின்கிறது. அதே சேற்றில் மூக்கன், தன் நீண்ட அலகை ஆழமாக விட்டுப் புழு எடுக்கிறது. உப்புக்கொத்திக்கு ஈரம் காயும் விளிம்பு போதும். மழை பெய்து நீர் ஏற ஏற, சின்னக் கால்கள் ஆழமில்லாத ஓரத்துக்கு நகர வேண்டும். அந்த ஓரத்தைத்தான் நாம் முதலில் மண் கொட்டி நிரப்புகிறோம். கேட்டால், "நடுவிலே தண்ணி இருக்கே" என்கிறோம். ஓரம் இல்லாத நீர், கொசு உள்ளானுக்குப் பந்தி இல்லாத கல்யாணம்.

2021 டிசம்பரில் கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல். நல்ல காரியம், கும்பிடுகிறேன். ஆனால் கழுவெளிக்கு நீர் வருவது சுற்றியுள்ள ஏரிகளிலிருந்தும் ஓடைகளிலிருந்தும். அவற்றைத் தூர்த்துவிட்டுச் சரணாலயப் பலகை மட்டும் நட்டால், பலகையில்தான் பறவை உட்காரும்.

"மனுஷனுக்கே இடமில்லை, குருவிக்கா?" என்பார்கள். சென்னைப் பள்ளிக்கரணையைப் பாருங்கள். சதுப்பில் குப்பை கொட்டினார்கள், சாலை போட்டார்கள், கட்டடம் எழுப்பினார்கள். 2015இல் வெள்ளம் வந்தபோது சுற்றியிருந்த மனுஷர்களின் வீட்டுக்குள்தான் தண்ணீர் புகுந்தது. மிச்சமிருந்ததற்கு 2022இல் ராம்சர் அந்தஸ்து கிடைத்தது. போனது போனதுதான்.

பிரெஞ்சில் படித்தவன் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். பாரீஸ் நகரின் நடுவே 'மரே' என்று ஒரு பேட்டை. சொல்லுக்குப் பொருள் சதுப்பு. இன்று அங்கே கடைகளும் பழைய மாளிகைகளும் இருக்கின்றன; சதுப்பு பெயரில் மட்டும் இருக்கிறது. நம் முன்னோர் இந்த வகை நிலத்துக்கே 'கழுவெளி' என்று தனிப்பெயர் வைத்தார்கள். பெயர் தெரிந்த ஊருக்கு நிலத்தின் அருமையும் தெரிந்திருந்தது.

எனவே அதிகாரிகளுக்கு ஒரு பழைய குமாஸ்தாவின் விண்ணப்பம்: வரத்து ஓடைகளையும் மழைக்காலத்தில் நீர் ஏறும் விளிம்பையும் அளந்து, பதிவேட்டில் 'நீர்நிலை' என்று எழுதுங்கள். மனை போடுபவர் அளப்பதற்கு முன்னால் நீங்கள் அளந்துவிடுங்கள்.