ஐஸுக்கு அடியில் மூன்று மாதம்... ஆமை தன் கொழுப்பை யாருக்காகச் சேர்க்கிறது?

ஏரியின் மேல்பரப்பு முழுக்க ஐஸ். அடியில் சேற்றோடு சேறாக ஓர் ஆமை. மூச்சு வாங்க மேலே வர வழியில்லை. ஆனாலும் சாகாது!

வட அமெரிக்காவின் குளங்களிலும் ஏரிகளிலும் வாழும் 'பெயின்டட்' ஆமையின் குளிர்காலம் இது. உடலில் சிவப்பும் மஞ்சளுமாகக் கோடு தீட்டியதுபோல இருப்பதால் இந்தப் பெயர். ஆய்வகத்தில், 3 டிகிரி குளிர்ந்த, ஆக்சிஜனே இல்லாத நீரில் மூன்று மாதங்களுக்கும் மேல் இது உயிரோடு இருந்திருக்கிறது.

கோடையில் தின்று சேர்த்த கொழுப்புதான் காப்பாற்றுகிறதா? இல்லை. கொழுப்பை எரிக்க ஆக்சிஜன் வேண்டும்; அதுதான் அங்கே கிடையாதே! அதனால் கல்லீரலிலும் தசையிலும் இருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பை மட்டும் சிக்கனமாகச் செலவழிக்கிறது. இதயம்கூட சில நிமிடங்களுக்கு ஒருமுறைதான் துடிக்கும். உடலில் சேரும் அமிலத்தை ஓட்டில் உள்ள சுண்ணாம்புச் சத்து முறிக்கிறது.

அப்படியானால் கொழுப்பு யாருக்கு? பெண் ஆமையிடம் அதில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கு!

கோடை முடியும்போதே தாயின் கல்லீரல், கொழுப்பையும் புரதத்தையும் சேர்த்து மஞ்சள் கருவுக்கான சத்தைத் தயாரிக்கத் தொடங்கிவிடும். அது ரத்தம் வழியாகச் சினைப்பைக்குள் வளரும் முட்டைகளுக்குப் போய்ச் சேரும். மஞ்சள் கருவில் எல்லாக் கொழுப்பும் ஒரே வேலைக்கு அல்ல. ஒலிக் அமிலம் போன்றவை பெரும்பாலும் எரிபொருள். மீன் எண்ணெயில் இருக்கும் டிஹெச்ஏ, குஞ்சின் மூளையும் கண்ணும் உருவாகத் தேவை.

குளிர் அதிகமான பகுதிகளில், முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் பல அந்தக் குழியைவிட்டு வெளியேறுவதே இல்லை. வசந்தம் வரும்வரை மண்ணுக்குள்ளேயே இருக்கும். சாப்பாடு? வயிற்றுக்குள் மிச்சமிருக்கும் மஞ்சள் கருதான். அம்மா கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு!

ஜூன் மாதத்தில் முட்டையிட இடம் தேடித் தரைக்கு வரும் தாய் ஆமைகள் பல, சாலையில் வாகனங்களில் அடிபட்டு இறக்கின்றன. ஒரு பெண் ஆமை தாயாகும் வயதுக்கு வரவே பல ஆண்டுகள் ஆகும். அது இறந்தால், அத்தனை சேமிப்பும் அதோடு போய்விடும்.

டொரன்டோ பக்கம் இருக்கும் நம் சொந்தக்காரர்கள் சாலையில் இந்த ஆமையைப் பார்த்தால், பாதுகாப்பாக வண்டியை நிறுத்திவிட்டு, அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே மறுபக்கம் விட்டால் போதும். திரும்பவும் குளத்தில் கொண்டுபோய் விட வேண்டாம். முட்டையிடக் கிளம்பியது மறுபடியும் சாலைக்கே வந்துவிடும்.