பத்து வயதுக்கு ஒரு ஊசி

போன வாரம் பக்கத்து லைன் வீட்டுப் பெண், மகளின் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சீட்டைக் காட்டினார். டெட்டனசுக்கும் டிப்தீரியாவுக்கும் சேர்த்துப் பத்து வயதில் போடும் ஊசி.

"கைக்கொழந்தையிலயே எல்லாம் போட்டாச்சுங்களே, இப்ப எதுக்குங்கய்யா? காச்சல் வந்தா நான் கம்பெனிக்கு ரெண்டு நாள் லீவு போடோணும்."

பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு ரெண்டு நாள் சம்பளம் சின்ன விஷயம் இல்லை. இருந்தாலும், "போட்டுரு அம்மிணி" என்றேன். காரணம் என் அக்கா.

1956. எனக்கு ஆறு வயது, அவளுக்கு எட்டு. தொண்டை வலிக்கிறது என்றாள். வாய்க்குள் சாம்பல் நிறத்தில் ஜவ்வு படர்ந்திருந்தது. நாலாம் நாள் மூச்சுத் திணறிப் போய்விட்டாள். தொண்டை அடைப்பான் என்றார்கள். அதுதான் டிப்தீரியா.

அந்தக் கிருமி கக்கும் நச்சும் ஒரு புரதம்தான். அதன் வடிவம் 1992-ல் வெளியானது. பாகு காய்ச்சி நூலில் கல்கண்டு படிய விடுவதுபோல், சுத்தப்படுத்திய நச்சைப் படிகமாக்கி, எக்ஸ்-ரே பாய்ச்சி, அணுக்கள் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டார்கள். இப்படிக் கிடைக்கும் புரத வடிவம் சரிதானா என்று சோதிக்க உலகமே இன்றும் பயன்படுத்துவது, 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழுவினர் தந்த வரைபடம்.

நச்சில் மூன்று பகுதிகள் தெரிந்தன. ஒன்று நம் செல்லைப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று உள்ளே புக வழி செய்யும். மூன்றாவது ஒரு நொதி. செல்லுக்குள் புரதம் தயாரிக்க உதவும் ஈ.எஃப்.-2 என்ற புரதத்தின் மேல் அது ஒரு துண்டை ஒட்டிவிடும். அதோடு உற்பத்தி நின்றுபோகும். முப்பத்தெட்டு வருஷம் நிட்டிங் மெஷினோடு கிடந்த எனக்கு இப்படித்தான் புரிந்தது: நூல் இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, மெஷின் மட்டும் ஓடாது. ஒட்டிய நொதி செலவாவதும் இல்லை. அடுத்ததை நிறுத்தப் போய்விடும். ஒரு செல்லைக் கொல்ல ஒரே ஒரு மூலக்கூறு உள்ளே போனால் போதும்.

ஆகவே அதை வாசலிலேயே மடக்க வேண்டும். ஃபார்மலினால் விஷம் போக்கிய அதே நச்சைத்தான் ஊசியில் போடுகிறார்கள். உடம்பு அதை அடையாளம் கண்டு காவல் வைக்கிறது. வருஷம் போகப் போக அந்தக் காவல் தளரும். அதனால்தான் கைக்குழந்தையில் போட்டது போதாமல் ஒன்றரை வயது, ஐந்து வயது, பத்து, பதினாறு என்று திரும்பப் போடுகிறார்கள். அரசு சுகாதார நிலையத்தில் இலவசம்.

என் வயதுக்காரர்களே, பேரப்பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். கம்பெனி நடத்துகிறவர்கள், ஊசி போட்ட பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தாய்க்குச் சம்பளத்தோடு ஒரு நாள் லீவு கொடுங்கள். கூலி போகும் என்ற பயத்தில் எந்தப் பிள்ளைக்கும் ஊசி தவறக் கூடாது.

என் அக்காவுக்கு இந்த ஊசி கிடைக்கவில்லை. இன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கே வருகிறது.