குடியில்லா மனைகள்

நல்லூரிலும் அதனை அடுத்த கல்வியங்காட்டிலும் ஒரு பரப்புக் காணி என்ன விலையென்று தரகரை வினவுவோர், விடை பெறுமுன் தாமொரு வினாவுக்கு விடையிறுத்தல் வேண்டும். "வெளியிலே ஆர் இருக்கினம்?" என்பதே அவ்வினா. கனடாவில் தமையனோ, சுவிற்சர்லாந்தில் மைத்துனரோ உளராயின் பேச்சு மேற்செல்லும். இலராயின் தரகர் கோப்பாய்க்கு அப்பாலுள்ள தோட்டக் காணிகளைப் புகழத் தொடங்குவார். 16 பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். ஏக்கர்க் கணக்கிற் காணி பேசிய ஊரில், ஆசிரியர் ஒருவர் தம் வாழ்நாட் சம்பளத்தை முன்வைத்து இரண்டு பரப்புக்கு விலைபேச அஞ்சுகின்றார்.

இவ்விலையேற்றத்துக்கு அந்நியர் காரணர் என்று சிலர் கூறுவர். யார் அந்த அந்நியர்? சட்டத்தைக் கேட்பின் அது ஐயமின்றி விடை சொல்லும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிப் பராதீனக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, இந்நாட்டுக் குடியுரிமை இல்லாதார்க்குக் காணி கைமாற்றுதல் ஆகாது. உரித்தாக வருவதும், மாடி வீடுகளும் விலக்குப் பெற்றவை. (அம்மாடிகள் வெள்ளவத்தைக்கு உரியன, நல்லூருக்கு அல்ல.) இரட்டைக் குடியுரிமை பெற்றோருக்கும் தடையில்லை. ஆகவே, நல்லூரிற் பிறந்து, அங்கேயே ஏடு தொடக்கி, தொறன்ரோவிற் குடியுரிமை பெற்றபோது இங்குள்ளதை இழந்த என் மாணாக்கர் சட்டத்தின் கண்ணில் அந்நியர். அவர் பணம் அனுப்ப, தாயார் பெயரிலோ தமக்கையார் பெயரிலோ உறுதி முடிகின்றது. சட்டம் உறுதியிலுள்ள பெயரைக் காத்தது, விலையைக் காக்கவில்லை.

நம் முன்னோர் இவ்வினாவை வேறுவிதமாகக் கேட்டனர். ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்த தேசவழமையிலே, காணி விற்க எண்ணுபவர் தம் உரித்தாளிகளுக்கும், பங்காளிகளுக்கும், அக்காணியை ஈடுபிடித்திருக்கும் எல்லைக் காணிக்காரருக்கும் முன்னறிவித்தல் கொடுத்தல் வேண்டும் என்றிருக்கின்றது. அவ்வூரில் இருப்போர்க்கு ஒரு மாதம். அதே மாகாணத்து வேற்றூரார்க்கு இரண்டு மாதம். வேறு மாகாணத்தார்க்கு மூன்று மாதம். பிறதேசம் சென்றிருப்போர்க்கு ஓராண்டு. இக்கால எல்லைகள் பின்னர் வழக்கொழிந்தன. 1947ஆம் ஆண்டின் சட்டம் முற்கொள்வனவு உரிமையைப் பங்காளிக்கும் உரித்தாளிக்கும் மட்டுமெனச் சுருக்கிற்று. எனினும் அவ்வோராண்டுத் தவணையை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு உண்டாகும். கடல் கடந்தவனை அவ்வழமை அந்நியனாக்கவில்லை, அவனுக்காகக் காத்திருந்தது. அதே வேளையில், வேலிக்கு அப்பாலிருந்து தினமும் முகம் பார்க்கும் அயலானுக்கும் ஓரிடம் வைத்தது. இன்று கடல் கடந்தவனுக்காக எல்லோரும் காத்திருக்கின்றோம். அயலானை நினைப்பார் இல்லை.

பிறநாட்டுப் பணம் யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் கடமையாற்றியோர் அனுப்பிய பணத்தால் எழுந்த கல்வீடுகள் நம் ஊர்களில் இன்னும் நிற்கின்றன. அப்பணமும் காணி விலையை ஏற்றியிருக்கத்தான் வேண்டும். ஆனால் மலாயாப் பென்சனியர் திரும்பி வந்தார். தம் வீட்டுத் திண்ணையிலே சாய்மனைக் கதிரையிட்டு, பத்திரிகையும் கையுமாக இருந்து, தெருவிற் போகும் பள்ளிப் பிள்ளைகளை மறித்து ஆங்கில இலக்கணம் கேட்டு அலுப்பூட்டினார். அவர் வாங்கிய காணி குடியுள்ள மனை ஆயிற்று. இன்றுள்ள புதுவீடுகளிற் பல, நல்லூர்க் கந்தன் திருவிழாவின் 25 நாளும் திறந்திருந்து, தேரும் தீர்த்தமும் முடிந்த மறுகிழமை பூட்டப்படுகின்றன. எஞ்சிய மாதங்களிற் குளிரூட்டிப் பெட்டிகளில் அணிற்பிள்ளைகள் குடியிருக்கின்றன. தமிழிலே 'இல்' என்னும் சொல் வீட்டையும் குறிக்கும், இன்மையையும் குறிக்கும். வகுப்பில் இதனைச் சொல்லும்போது மாணவர் நகைப்பர். கோவில் வீதியால் மாலையில் நடந்து போனால் அவ்விரு பொருளும் ஒரே மதிலுக்குள் இருப்பதைக் காணலாம்.

வெளிநாட்டிலுள்ளோரைப் பழிப்பது என் கருத்தன்று. 1983க்குப் பின் இவ்வூரை விட்டுப் போனோரிற் பலர், அதே காணியை ஈடுவைத்தும் விற்றுமே முகவருக்குப் பணம் கட்டினர். போனவர் அனுப்பிய பணத்தில்தான் இருந்தவர் உயிர்வாழ்ந்தனர்; கூரையிழந்த பள்ளிகள் பல கூரை பெற்றன. அன்று விற்ற மண்ணை இன்று பன்மடங்கு கொடுத்து மீட்பவரின் நெஞ்சை யான் அறிவேன். விலையேற்றத்துக்கு அவர் ஒருவரே காரணரும் அல்லர். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு எழுப்பப்பட்ட மக்களின் காணிகள் நீண்டகாலம் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடைபட்டுக் கிடந்தன. சில இன்னும் கிடக்கின்றன. விளைநிலமும் குடிநிலமும் அங்கே முடங்க, குடாநாட்டின் எஞ்சிய நிலத்தின்மேல் நெருக்கம் ஏறியது இயல்பே.

ஆயினும் இழப்பு யாருடையது என்பதை மறைத்தல் ஆகாது. என்னோடு படிப்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர், கல்லூரிக்கு அண்மையில் ஒரு சிறு வீடு வாடகைக்குத் தேடி ஓராண்டு அலைந்தார். அவர் கேட்ட தெருவில் மட்டும் ஐந்து வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஒன்றையும் அவருக்குக் கொடுத்தாரில்லை. இப்பொழுது சாவகச்சேரியிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் வருகின்றார். சீதனமாக வீடு கேட்கும் வழக்கம் மாறாத நாட்டிலே, காணிவிலை பெண்ணைப் பெற்றோரின் கழுத்திலேதான் முதலில் விழும். வெளிநாட்டுத் தமையன் இல்லாத பெண், உள்ளூரிலே உத்தியோகம் பார்க்கும் பெண், விலைபேசும் சபையிலே பின்வரிசைக்குத் தள்ளப்படுகின்றாள். இதனைக் கொடுமை என்பதன்றி வேறு சொல்லால் யான் குறிக்கமாட்டேன்.

நம்மவர் சென்று வாழும் நாட்டிலேயே இப்பிணிக்கு இருவகை மருந்து பார்த்தார்கள். கனடாவின் பிரித்தானிய கொலம்பிய மாகாணம் 2016 ஆகத்து மாதம் வன்கூவர்ப் பெருநகர்ப் பகுதியில் வீடு வாங்கும் வெளிநாட்டவர்மீது நூற்றுக்கு 15 வீத வரி விதித்தது. 2018இல் அது 20 ஆயிற்று. 2023 சனவரி முதலாந் திகதியிலிருந்து கனடிய அரசே வெளிநாட்டவர் குடியிருப்பு வீடு வாங்குவதைத் தடுத்தது. இது வாங்குபவர் யார் என்று கேட்கும் முறை. வன்கூவர் மாநகரமோ 2017இலிருந்து வெற்றுவீட்டு வரி அறவிடுகின்றது. முதலில் வீட்டின் மதிப்பில் நூற்றுக்கு 1, பின்னர் 3. ஆண்டில் ஆறு மாதமாயினும் உரியவரோ வாடகைக்காரரோ குடியிருந்தால் வரியில்லை. வீட்டுக்காரர் சீனரா, தமிழரா, அவ்வூரிலேயே பிறந்தவரா என்று அவ்வரி கேட்பதில்லை. விளக்கெரிகின்றதா என்றுமட்டும் கேட்கின்றது.

இவ்விரண்டாவதே நமக்கு ஏற்றதென்று துணிகின்றேன். ஆதன வரியோடு சேர்த்து இத்தகைய வரியொன்றை அறவிடும் அதிகாரத்தை மாநகர சபைக்கும் பிரதேச சபைக்கும் அளித்து, வரும் பணத்தை ஊரில் உழைப்போருக்கான வாடகை வீடுகளுக்கே செலவிடச் செய்யலாம். உறவினரிடம் வரி கேட்பதா என்பார்க்கு ஒன்று சொல்வேன்: வாடகைக்குக் கொடுத்தால் வரி இல்லை.

அங்கேதான் இடர் வருகின்றது. "இருத்தினால் எழுப்ப ஏலாது, மாஸ்டர்" என்பது யான் கேட்ட வீட்டுக்காரர் அனைவரும் கூறிய ஒரே மறுமொழி. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் வந்த நாள்தொட்டு ஊறிய அச்சம் இது. நீதிமன்றில் ஆண்டுக்கணக்காக இழுபட்டோரும் உளர். அதனை வெறும் சாட்டென்று தள்ளமாட்டேன். தவணை, வாடகை, திருத்த வேலைப் பொறுப்பு, திருவிழாக் காலத்தில் உரியவர் வந்து தங்க ஓர் அறை ஆகிய யாவற்றையும் நொத்தாரிசு முன்னிலையிற் குத்தகை உறுதியாக எழுதுதல் ஒரு வழி. சென்ற மாசியில் என் பழைய மாணாக்கர் ஒருவர் அவ்வாறு எழுதித் தம் கல்வியங்காட்டு வீட்டை இரு ஆசிரியக் குடும்பங்களுக்கு ஈராண்டுக்குக் கொடுத்திருக்கின்றார். முன்னறை அவருடையது, சாவி மேல்வீட்டுப் பெரியம்மாவிடம் இருக்கின்றது.