மின்சார கார்கள்: உத்தரவாதம் முடிந்த பின் பழுதுச் செலவு யாருடையது?

புது தில்லி: மின்சார கார் வாங்க எண்ணுவோர் முதலில் எழுப்பும் கேள்வி, பேட்டரி எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பதே. ஆனால், 2024 மற்றும் 2025-ஆம் ஆண்டுகளில் வெளியான திரும்பப் பெறும் அறிவிப்புகள் கவலைக்குரிய வேறோர் இடத்தைச் சுட்டிக்காட்டுகின்றன. காரை நடுவழியில் நிறுத்தக்கூடிய கோளாறு முதன்மை பேட்டரியில் அல்லாமல், அதனுடன் இணைந்த ஒரு மின்னணு அலகில் தொடங்கியது.

சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் பொருத்தப்படும் ஹூண்டாய் அயோனிக் 5 ரகத்தில் 1,744 கார்களை 2024 ஜூனில் அந்நிறுவனம் திரும்பப் பெற்றது. அதே காரணத்துக்காக, இறக்குமதி செய்யப்படும் கியா இவி6 ரகத்தில் 1,138 கார்கள் 2024 ஜூலையிலும், 1,380 கார்கள் 2025 பிப்ரவரியிலும் திரும்ப அழைக்கப்பட்டன. அமெரிக்காவில் 2024 நவம்பரில் மட்டும் இவ்விரு நிறுவனங்களின் சுமார் 2.08 லட்சம் கார்கள் இதே கோளாறுக்காகத் திரும்பப் பெறப்பட்டன.

கோளாறு என்ன?

ஐசிசியு எனப்படும் ஒருங்கிணைந்த மின்னேற்றக் கட்டுப்பாட்டு அலகே இங்கு பிரச்சினைக்கு மூலம். முதன்மை பேட்டரிக்கு மின்னேற்றம் செய்வதும், அதிலிருந்து மின்சாரத்தைக் குறைந்த அழுத்தத்துக்கு மாற்றி 12 வோல்ட் துணை பேட்டரிக்கு வழங்குவதும் இதன் பணிகள். விளக்குகள், திரை, கட்டுப்பாட்டுக் கணினிகள் ஆகியவை இந்தத் துணை பேட்டரியை நம்பியே இயங்குகின்றன. அலகு பழுதானால் துணை பேட்டரி படிப்படியாக வடிந்துவிடும். முதன்மை பேட்டரியில் போதிய மின்சாரம் இருந்தாலும் கார் வேகம் இழந்து நின்றுவிடக்கூடும்.

இதற்குத் தீர்வாக மென்பொருள் மேம்படுத்தப்பட்டது. தேவைப்பட்ட கார்களில் அலகும் மாற்றப்பட்டது. திரும்பப் பெறும் நடவடிக்கையின் கீழ் இப்பணிகளுக்கு உரிமையாளரிடம் கட்டணம் வசூலிக்கப்படுவதில்லை.

ஆயினும், மின்சார கார்கள் பொதுவாக அதிகம் பழுதாகின்றன என்ற முடிவுக்கு இதைக் கொண்டு வர இயலாது. ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் அமைப்பான ஏடிஏசி 2025-இல் வெளியிட்ட கணக்கின்படி, 2020 முதல் 2022 வரை பதிவான வாகனங்களில் ஆயிரத்துக்கு 4.2 மின்சார கார்களே சாலையில் பழுதாகி உதவி கோரின. பெட்ரோல், டீசல் கார்களில் இந்த எண்ணிக்கை 10.4 ஆகும். இரு வகையிலும் மிகுதியான பழுதுகளுக்குக் காரணம் 12 வோல்ட் பேட்டரியே.

செலவு எங்கே கூடுகிறது?

மின்சார கார்களில் என்ஜின் ஆயில், கிளட்ச், ஸ்பார்க் பிளக் ஆகியவை இல்லை. எனவே வழக்கமான பராமரிப்புச் செலவு குறைவு. ஆனால் பழுது நேரும்போது நிலைமை வேறு. மின்னேற்ற அலகு, இன்வெர்ட்டர் போன்றவை மூடப்பட்ட தொகுதிகளாக வருவதால், உள்ளே ஒரு பாகம் பழுதானாலும் முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டிய நிலை ஏற்படுகிறது. உயர் மின்னழுத்தப் பணிகளுக்குத் தனிப் பயிற்சி தேவை என்பதால், அருகிலுள்ள மெக்கானிக் கடை கைகொடுப்பதில்லை. பேட்டரி காரின் அடித்தளத்தில் அமைந்திருப்பதால், கல்லில் மோதுவதும் வெள்ளநீரில் சிக்குவதும் பெருஞ்செலவாக மாறக்கூடும்.

புளூம்பெர்க் என்இஎஃப் ஆய்வு நிறுவனத்தின் கணக்கில், 2024-இல் லித்தியம் அயனி பேட்டரித் தொகுப்பின் உலக சராசரி விலை கிலோவாட் மணிக்கு 115 டாலர். இதன்படி 45 கிலோவாட் மணித் திறனுள்ள தொகுப்பின் விலை 5,175 டாலராகும். டாலருக்கு 85 ரூபாய் என்று கொண்டால் சுமார் 4.4 லட்சம் ரூபாய். வரியும் பணிமனைக் கட்டணமும் இதில் சேரவில்லை. புதிய மின்சார காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். தனியாக வாங்கும் லித்தியம் அயனி பேட்டரிக்கோ 18 சதவீதம். வாங்கும்போது கிடைக்கும் வரிச் சலுகை, பழுது பார்க்கும்போது கிடைப்பதில்லை.

உத்தரவாதமும் காப்பீடும்

நிறுவனங்கள் பேட்டரிக்குப் பொதுவாக 8 ஆண்டுகள் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் உத்தரவாதம் அளிக்கின்றன. டாடா மோட்டார்ஸ் 2025-இல் ஹாரியர், கர்வ் மின்சார ரகங்களுக்கும் 45 கிலோவாட் மணி பேட்டரி கொண்ட நெக்ஸான் ரகத்துக்கும் 15 ஆண்டுகள் வரை நீளும் 'வாழ்நாள்' உத்தரவாதத்தை அறிவித்தது. ஆனால் அது முதல் உரிமையாளருக்கு மட்டுமே பொருந்தும்.

அயோனிக் 5 காருக்கு, பேட்டரி நீங்கலான பொது உத்தரவாதம் 3 ஆண்டுகள். 2023-இல் விற்பனையான கார்களுக்கு அந்தக் காலம் 2026-இல் நிறைவடைகிறது. பேட்டரிக்கு நீண்ட பாதுகாப்பு இருந்தாலும், அதைச் சுற்றியுள்ள மின்னணு பாகங்களுக்கு அது பொருந்துமா என்பது ஒவ்வொரு நிறுவனத்தின் நிபந்தனையைப் பொறுத்தது.

காப்பீடும் இந்த இடைவெளியை முழுமையாக நிரப்புவதில்லை. வழக்கமான வாகனக் காப்பீட்டில் இயந்திர, மின் கோளாறுகளுக்கு இழப்பீடு கிடையாது. விபத்தில் சேதமானாலும், தேய்மானமில்லாக் கூடுதல் காப்பீடு எடுக்காதவர்களுக்குப் பேட்டரி மதிப்பில் 50 சதவீதம் கழிக்கப்படும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு வழங்குகிறது. இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. 7 ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு அவை பொருந்தும். 'பழுது நீக்கும் உரிமை' குறித்து 2022-இல் அமைக்கப்பட்ட குழுவின் வரம்பில் வாகனத் துறையும் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் இதற்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. எனினும் உதிரிபாக விலையை வெளியிடுவதும், பழுதறியும் மென்பொருளை வெளிப் பணிமனைகளுக்குத் திறப்பதும் பெரிதும் நிறுவனங்களின் விருப்பத்தையே சார்ந்துள்ளன.

இந்நிலையில், பழைய மின்சார கார் வாங்குவோர் மூன்றைக் கேட்டறிவது அவசியமாகிறது: திரும்பப் பெறும் பணி நிறைவேற்றப்பட்டதா, உத்தரவாதம் தமக்கு மாறுமா, மின்னேற்ற அலகு அதில் அடங்குமா. மின்சார கார்களின் முதல் தலைமுறை இரண்டாவது உரிமையாளர்களின் கைக்கு மாறத் தொடங்கியுள்ள இவ்வேளையில், இந்தக் கேள்விகளுக்கான விடை எழுத்துப்பூர்வமாகக் கிடைப்பதைப் பொறுத்தே இவ்வாகனங்களின் மீதான நம்பிக்கை அமையும்.