முடிவு வீடு வந்து சேர வேண்டும்!

சாத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் 2018 டிசம்பர் 3ந் தேதி நடந்த கொடுமையை இந்த ஜில்லா மக்கள் மறந்துவிடவில்லை. ரத்த சோகையால் வாடிய ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு அங்கே ரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி அரசு ஆஸ்பத்திரி ரத்த வங்கியிலிருந்து வந்த அந்த ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது.

இது எப்படி நேர்ந்தது? ரத்தம் கொடுத்த இளைஞருக்கு 2016லேயே தொற்று கண்டறியப்பட்டது என்றும், அந்த முடிவு அவருக்குத் தெரிவிக்கப்படவே இல்லை என்றும் அப்போது செய்திகள் வெளிவந்தன. வெளிநாட்டு வேலைக்காகச் செய்துகொண்ட சோதனையில்தான் அவருக்கே விஷயம் தெரிந்தது. தெரிந்தவுடன் ஆஸ்பத்திரிக்குச் சொன்னவரும் அவரே. ஆனால் காலம் கடந்துவிட்டது. அந்த மாதம் முடிவதற்குள் அவரும் உயிரிழந்தார். ஒரு காகிதம் உரியவர் கைக்குப் போய்ச் சேராததற்கு எத்தனை பெரிய விலை!

2019 ஜனவரியில் மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் அந்தத் தாய்க்குக் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தொற்று உண்டா, இல்லையா? அன்றைக்கே பதில் சொல்ல முடியாது. தாயின் ரத்தத்திலுள்ள எதிர்ப்புப் பொருள்கள் சேயின் ரத்தத்திலும் கலந்திருக்கும். ஆகவே வழக்கமான சோதனை ‘உண்டு’ என்றுதான் காட்டும். அது மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். கிருமியையே நேரடியாகத் தேடும் சோதனையை 6 வாரம் கழித்துத்தான் செய்கிறார்கள். கடைசி முடிவுக்கு 18 மாதம் காத்திருக்க வேண்டும். 45 நாள் கழித்து எடுத்த சோதனையில் தொற்று இல்லை என்ற செய்தி வந்தபோது கேட்டவர் அனைவரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர். அந்த 45 இரவுகளைத் தாய் எப்படிக் கழித்திருப்பார்?

இந்தக் காத்திருப்பு ஒரு தாய்க்கு மட்டும் உரியதல்ல. பிறந்த குழந்தையின் குதிகாலில் ஊசியால் குத்தி, சில சொட்டு ரத்தத்தைக் காகித அட்டையில் எடுத்துச் சோதித்தால் வேறு சில நோய்களையும் முன்கூட்டியே அறியலாம். தைராய்டு சுரப்பி பிறவியிலேயே சரியாக வேலை செய்யாத குறை நம் நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இருக்கிறது. பார்வைக்குக் குழந்தை நன்றாகவே இருக்கும். இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடித்து, மலிவான ஒரு மாத்திரையை அன்றாடம் கொடுத்து வந்தால் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும். மாதக்கணக்கில் தாமதித்தாலோ மூளை வளர்ச்சி குன்றிவிடும். போனதை மீட்க முடியாது.

முதல் சோதனையில் சந்தேகம் எழுந்த குழந்தைகள் அனைவருக்கும் நோய் இருப்பதில்லை. பலருக்கு ஒன்றுமில்லை என்று இரண்டாம் சோதனை சொல்லிவிடும். ஆனால் அந்த முடிவு வரும்வரை தாய் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கிறாள்.

வசதி படைத்தவர்களுக்கு முடிவு செல்போனில் வந்து விழுகிறது. தீப்பெட்டி ஆபீஸிலும் பட்டாசு ஆலையிலும் எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பெண்ணுக்கு? “அடுத்த வாரம் வாம்மா”, “மதுரைக்குப் போய்ப் பாரும்மா” என்ற பதில்தான் கிடைக்கும் என்றால், ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போச்சு. பஸ் கட்டணம் வேறு. இரண்டு தடவை அலைந்தவள் மூன்றாம் தடவை போகாவிட்டால் ‘விவரமில்லாத ஜனங்கள்’ என்று பழி! குற்றம் யாருடையது?

செய்ய முடியாத காரியமா இது? அமெரிக்க முற்றுகைக்கு நடுவிலும் சின்னஞ்சிறு கியூபா தைராய்டு சோதனையை 1980களிலேயே தொடங்கிவிட்டது. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த முதல் நாடு என்று 2015இல் உலக சுகாதார ஸ்தாபனம் அந்த நாட்டை அங்கீகரித்தது. பக்கத்துக் கேரளத்திலும் அரசு ஆஸ்பத்திரிகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தக் குதிகால் சோதனை நடக்கிறது.

சாத்தூர் தாய்க்கு 25 லட்சம் ரூபாய் நஷ்டஈடு வழங்க 2019இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. ரத்த வங்கி ஊழியர்கள் மீது நடவடிக்கையும் வந்தது. கீழ்மட்ட ஊழியரைத் தண்டித்ததோடு சர்க்காரின் கணக்கு தீர்ந்துவிடாது. நாம் கோருவது இவை:

அரசு ஆஸ்பத்திரியில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இந்தச் சோதனை இலவசமாக நடக்க வேண்டும். முடிவு வரும் தேதியைத் தாயின் கையில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தேதியில் கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வந்து, ஊரறியாமல், புரியும்படி சொல்ல வேண்டும். இரண்டாம் சோதனைக்குப் போகும் தாய்க்குப் பஸ் கட்டணமும் அன்றைய கூலியும் கிடைக்க வேண்டும். பரிசோதனைக் கூடங்களில் நிரந்தர ஊழியர்களைப் போதிய அளவில் நியமிக்க வேண்டும்.

தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலாளர் சங்கங்களும் மாதர் அமைப்புகளும் கூலி உயர்வுக் கோரிக்கையோடு இதையும் சேர்த்து எழுப்ப வேண்டும். ரத்தத்தை எடுத்துக்கொண்ட சர்க்கார், பதிலையும் வீட்டு வாசலில் கொண்டுவந்து தரட்டும்!