நகம் வளரும் வேகத்தில் நகரும் நிலம்!

இந்தியாவின் தென்கோடி எது என்று கேட்டால், பலரும் சட்டெனச் சொல்வது கன்னியாகுமரி. உண்மையில் அது கிரேட் நிக்கோபார் தீவிலுள்ள இந்திரா முனை. அங்கே கரையில் நின்றிருந்த கலங்கரை விளக்கம், 2004 டிசம்பர் 26 அன்று கடலுக்குள் நின்றது. விளக்கம் நகரவில்லை, அதன் அடியிலிருந்த நிலம்தான் 4 மீட்டருக்கும் மேல் தாழ்ந்துவிட்டது.

நிலம் எப்படித் தாழும்?

பூமியின் மேல் அடுக்கு முட்டை ஓடு போல ஒரே துண்டு அல்ல. ஏழு பெரிய தட்டுகளும் பல சிறிய தட்டுகளும் சேர்ந்தது. இவற்றுக்கு அடியில் இருப்பதும் பாறைதான். ஆனால், கடும் வெப்பத்தால் அது மிக மிக மெதுவாக நெகிழ்ந்து நகரும். கடலடியில் குளிர்ந்து கனத்துப்போன தட்டின் விளிம்பு பூமிக்குள் இறங்கும்போது, மீதித் தட்டையும் இழுத்துக்கொண்டு போகிறது.

இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. நகர்கிறது. கிட்டத்தட்ட நகம் வளரும் வேகம்! வடக்கே அது ஆசியாவோடு மோதுகிறது. அங்கே இரண்டு பக்கமும் கண்டம் என்பதால் எளிதில் உள்ளே இறங்க முடியாமல், நிலம் மடிந்து மேலே எழுந்தது. அதுதான் இமயமலை. எவரெஸ்ட் உச்சியிலுள்ள சுண்ணாம்புப் பாறையில் கடல் உயிரினங்களின் படிமங்கள் இருப்பது அதனால்தான்.

கிழக்கே கதை வேறு. அந்தமான் - சுமத்ரா பகுதியில் இந்தியத் தட்டு பக்கத்துத் தட்டுக்கு அடியில் புகுகிறது. ஆனால், வழுக்கிக்கொண்டு போவதில்லை, உராய்வில் சிக்கிக்கொள்கிறது. மேலே உள்ள தட்டின் நுனியையும் கூடவே கீழே இழுக்கிறது. மேஜை விளிம்பில் பிளாஸ்டிக் ஸ்கேலை நீட்டி வைத்து, நுனியை அழுத்திப் பிடிப்பது போல. பல நூறு ஆண்டுகள் இப்படியே வளையும். ஒருநாள் பிடி விட்டுப்போகும்.

2004-ல் அதுதான் நடந்தது. இந்திய நேரப்படி காலை 6.29-க்குத் தொடங்கி, ஏறத்தாழ 10 நிமிடங்களுக்குள் 1,200 கி.மீ. நீளத்துக்குப் பிடி விட்டது. நுனி மேலே எழும்பியது. சிமலுவே என்ற இந்தோனேசியத் தீவின் ஒரு கரை சுமார் ஒன்றரை மீட்டர் உயர்ந்து, பவளப்பாறைகள் வெயிலில் காய்ந்தன. பின்பகுதி தாழ்ந்தது, இந்திரா முனை மூழ்கியது. மேலே இருந்த கடல் நீர் அப்படியே தூக்கி எறியப்பட்டு, சுனாமியானது.

தமிழகக் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. சொல்லத்தான் யாருமில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

சிமலுவேயில் அலை சில நிமிடங்களிலேயே வந்தது. 70,000-க்கும் அதிகமானோர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் 7 பேர்தான். 1907-ல் வந்த பேரலையை அவர்கள் 'ஸ்மோங்' என்று பெயரிட்டு, தாலாட்டிலும் கதையிலும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். 'நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு.' அவ்வளவுதான் பாடம்.

தட்டுகள் எங்கே பிடி விடும் என்பதை அறிவியல் சொல்லும். என்றைக்கு என்று சொல்லாது. ஹைதராபாத்தில் 2007 முதல் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இயங்குகிறது. தொலைவில் நடக்கும் நிலநடுக்கம் நம் கரையில் உணரப்படாமலே போகலாம். கடல் உள்வாங்காமலும் அலை வரலாம். அதனால் எச்சரிக்கை வந்தால் வேடிக்கை பார்க்க நிற்கக் கூடாது. முதல் அலையோடு முடிந்தது என்று உடனே திரும்பவும் கூடாது. அடுத்தது அதைவிடப் பெரிதாக இருக்கலாம்.

வீட்டிலுள்ள குழந்தைகளுக்கு இன்றிரவு சொல்ல ஒரு கதை கிடைத்துவிட்டது!