கருவுக்குக் கடிகாரம் தாயே!

நம் உடம்பில் அநேகமாக ஒவ்வொரு செல்லிலும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதற்குச் சாவி கொடுக்க வேண்டியதில்லை. சில மரபணுக்களே அதை ஓட்டுகின்றன. இந்த ரகசியத்தைக் கண்டறிந்த 3 அமெரிக்கர்களுக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால், கருவின் ஆரம்பச் செல்களில் இந்தக் கடிகாரம் ஓடுவதில்லை! எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய அந்தச் செல்லுக்கு ஸ்டெம் செல் என்று பெயர். நமது வேலூர் சி.எம்.சி.யில் ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்குத் தனி மையமே இருக்கிறது. எலிக் கருவின் ஸ்டெம் செல்களை ஜப்பானியர் சோதித்தார்கள். அவை வேறு செல்லாக மாறிய பிறகே கடிகாரம் ஓடியது என்று 2010-ல் அறிவித்தார்கள்.

வயிற்றுப் பிள்ளைக்கு இரவு எது, பகல் எது என்று சொல்பவள் தாய்தான். இருட்டியதும் அவள் உடம்பில் சுரக்கும் மெலடோனின் பிள்ளைக்கும் போய்ச் சேருகிறது. வாரம் 2 இரவாவது வேலை செய்த கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவு கூடுதலாக இருந்தது என்று 2019-ல் டென்மார்க் ஆய்வு ஒன்று கூறியது.

ஆம்பூர், ராணிப்பேட்டை பகுதித் தோல், செருப்புத் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் உழைக்கிறார்கள். கர்ப்பிணிக்கு எந்த முதலாளியும் இரவு வேலை தரக்கூடாது. வீட்டிலும் அவளை நடுச்சாமம் வரை அடுப்படியில் நிறுத்தக்கூடாது. கணவன் பாத்திரம் துலக்கினால் கவுரவம் குறைந்துவிடாது. அவள் நேரத்தோடு தூங்கட்டும்!